மூன்று கல் தட்டிப் பார்த்து ஒன்று வாங்கினேன்

எங்கள் பட்டறையில் பதினாறு ஆண்டுகளாகப் பட்டறைக்கல்லின் வேலையை, அதாவது சுட்ட இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புக் கட்டியின் வேலையைப் பார்த்தது இரண்டடி நீளத் தண்டவாளத் துண்டு. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது என் தொழில். எஞ்சின்காரனுக்குப் பட்டறைக்கல் எதற்கு என்று தோன்றலாம். கடற்கரையில் எஞ்சின் தனியாக வருவதில்லை. கூடவே வளைந்த சுக்கான் தண்டு வரும், முள் நிமிர்ந்துபோன நங்கூரம் வரும், அடுத்த தெருவிலிருந்து கடப்பாரையும் மண்வெட்டியும் வரும். சுற்று வட்டாரத்தில் உலை வைத்திருந்த ஆசாரிமார் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டபோது, அவர்கள் பார்த்த சில்லறை வேலையெல்லாம் என் வாசலுக்கு வந்துவிட்டது. நானும் ஒரு லாரி பிரேக் டிரம்மில் உலை கட்டி, அதற்கு ஒரு சிறு ப்ளோயரை வைத்து, கருவேலங்கரி போட்டு ஊத ஆரம்பித்துவிட்டேன். கரிக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமில்லை. கல்லுக்குத்தான் பஞ்சம்.

தண்டவாளம் நல்ல எஃகுதான். ஆனால் அதன் தலை நான்கு விரல் அகலம்கூட இல்லை. அதற்குக் கீழே மெல்லிய தகடுபோன்ற இடுப்பு. அடித்தால் அடியில் பாதி இரும்பை வளைக்கும், மீதிப் பாதி தண்டவாளத்தைத் துள்ள வைக்கும். சின்ன வேலைகளுக்கு அதைச் செங்குத்தாக நட்டு, வெட்டிய முனையின் மேல் வைத்து அடித்தால் பரவாயில்லை. எடை முழுவதும் அடிக்கு நேர்க்கீழே வந்துவிடும். நீளமான தண்டுக்கு அது உதவாது. போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு சுக்கான் தண்டை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது தண்டவாளம் துள்ளிக் கவிழ்ந்து, என்னிடம் வேலை பார்க்கும் பையனின் பெருவிரலுக்கு இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பழுது வேலையெல்லாம் அந்த நாட்களில்தான் குவியும். அடுத்த ஏப்ரல் 15-க்குள் முறையான கல் ஒன்று வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தண்டவாளத் துண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். ரயில்வே சொத்தை உரிய தாள் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ராமேஸ்வரம் பாதை 2007-இல் அகலப்பாதையானது. கழற்றிய பழைய தண்டவாளத்தை ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் ரசீதோடு வாங்கியது என்னுடையது. அந்த ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன்.

நம் ஊர் ஆசாரிகளின் பழைய கல் வேறு வகை. கனத்த சதுர இரும்புக் கட்டி, கொம்பும் கிடையாது வாலும் கிடையாது, மரக்கட்டையில் இறக்கித் தரையோடு தரையாகப் பதித்திருப்பார்கள், உட்கார்ந்தபடியே அடிப்பார்கள். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அது போதும். எனக்கு வளையம் வளைக்கக் கொம்பும், உளி செருகச் சதுரத் துளையும் வேண்டும். கொம்பு வைத்த கல் என்றால் சீமைக் கல்: ஒரு முனையில் கூம்பான கொம்பு, மறுமுனையில் தட்டையான வால், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, மேலே அடி வாங்கும் தட்டையான முகம். புதியது வாங்கக் கணக்குப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. பழையதைத் தேடுவது என்று கிளம்பினேன்.

பையில் எடுத்துப்போனவை: பழைய கியர்பாக்ஸ் பேரிங்கை உடைத்து எடுத்த முக்கால் அங்குல எஃகுக் குண்டு, ஒரு அடி ஸ்டீல் ஸ்கேல், வழவழப்பான அரம், ஃபீலர் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), அரைக் கிலோ சுத்தியல், டார்ச், சாக்கட்டி. மீன் ஏலக் கூடத்தில் நண்பர் ஒருவரிடம் தொங்கு தராசும் இரவல் வாங்கிக்கொண்டேன். இத்தனையும் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். குண்டும் அரமும் மட்டும் இருந்தாலே முக்கால் வேலை முடிந்துவிடும் என்பது இப்போது தெரிகிறது.

முதல் கல்லைக் கீழக்கரைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் பார்த்தேன். நீல வண்ணம் பூசி, வாசலிலேயே கொலு வைத்ததுபோல் வைத்திருந்தார்கள்.

“காக்கா, இது எங்கிருந்து வந்தது?” என்று கடைக்காரரைக் கேட்டேன். அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்.

“கப்பல் சாமான் தம்பி. வாலிநோக்கத்தில் கப்பல் உடைத்த காலத்தில் வந்தது.”

எங்கள் கடற்கரையில் கனமான இரும்பு எதுவாக இருந்தாலும் அதற்கு இரண்டு பூர்வீகங்கள்தான் உண்டு. ஒன்று, வாலிநோக்கத்தில் உடைத்த கப்பல். இல்லாவிட்டால், 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம். இதுவரை எனக்குக் காட்டப்பட்ட ‘பாம்பன் பாலத்து இரும்பை’ எல்லாம் சேர்த்தால் தலைமன்னார்வரைக்கும் பாலம் கட்டிவிடலாம்.

வண்ணம் பூசிய கல்லைப் பார்த்தால் முதலில் வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். கொம்பின் நுனியிலிருந்து வால்வரை நடுவாக ஒரு மெல்லிய தழும்பு ஓடியது. வார்ப்புப் பெட்டியின் இரண்டு பாதிகள் சேரும் கோடு அது. பக்கவாட்டில் விரலால் தடவினால் மணல் மணலாகத் தட்டியது. ஓர் ஓரத்தில் உடைந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல் பொடிப்பொடியாக இருந்தது. வார்ப்பிரும்பு. அரத்தை முகத்தில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போட்டதுபோல் கடித்துக்கொண்டு போனது. நல்ல கல்லின் முகத்தில் அரம் கடிக்காது, கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கடைசியாகக் குண்டு. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, 25 செ.மீ. உயரத்திலிருந்து குண்டைக் கை நடுங்காமல் விட்டு, அது எவ்வளவு உயரம் திரும்ப எழும்புகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணால் பிடிப்பது கடினம். பையனைக் கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுக்கச் சொன்னேன். 18 செ.மீ.க்கு மேல் எழும்பினால் வேலைக்கான கல், 20-ஐத் தாண்டினால் நல்ல கல், 22-ஐ எட்டினால் விலை பேசாமல் தூக்கிக்கொண்டு ஓடலாம். நீலக் கல்லில் எழும்பியது 8.

இந்த எழும்பல் வேடிக்கைக் கணக்கு அல்ல. முகம் மென்மையாக இருந்தால் அடியின் விசையைக் கல்லே குடித்துவிடும். கடினமாக இருந்தால் விசை சூடான இரும்புக்குள் போகும், மிச்சம் சுத்தியலை மேலே தூக்கிவிடும். நாள் முழுக்க அடிக்கிறவனுக்குச் சுத்தியல் தானாக எழும்புவதும் எழும்பாததும் மாலையில் தோள்பட்டையில் தெரியும்.

காக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்படியானால் நங்கூரமாகப் போட்டுக்கொள்ளுங்கள், விலையைக் குறைத்துத் தருகிறேன்” என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். போகும்போது என் பேரிங் குண்டை ஒருமுறை வாங்கி, கடையிலிருந்த வேறு இரும்புகளின் மேலெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்ப்பு என்றாலே மட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்வீடனின் கோல்ஸ்வா, சோடர்ஃபோர்ஸ் கற்கள் வார்த்தெடுத்தவைதான். ஆனால் முழுக்க எஃகில் வார்த்தவை, தட்டினால் கோயில் மணி. அமெரிக்காவின் ஃபிஷர் கல்லுக்கு உடம்பு வார்ப்பிரும்பு, முகம் எஃகுத் தகடு. அது நல்ல கல், ஆனால் தட்டினால் சத்தமே வராது. ஆக, மணிச் சத்தம் வந்தால் நல்லது, வராவிட்டால் குப்பை என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. குண்டு எழும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாவது கல் என்னை ஏமாற்றியது அதன் அழகால். சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகும் சாலையில் ஒரு தோட்டத்து வீடு. பெரிய கல். கொம்பு நெடுகத் தேயாமல், ஓரங்கள் கத்திபோல் நேராக, இடுப்பில் எழுத்துகள் அப்படியே படிக்கிற மாதிரி: பீட்டர் ரைட், பேட்டன்ட். இங்கிலாந்தில் டட்லி என்ற ஊரில் செய்தவர்களின் பெயர் அது. தேனிரும்பு (அடித்து உருவாக்கும் மென்மையான இரும்பு) உடம்பின் மேல் எஃகுத் தகட்டைச் சேர்த்து அடித்த கல். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் போனது. எழுத்துக்குக் கீழே மூன்று எண்கள்: 1 · 1 · 20.

“தேதி போட்டிருக்கிறது பாருங்கள் அண்ணே. 1920 ஜனவரி ஒன்றாம் தேதி செய்தது” என்றார் உரிமையாளர்.

அது தேதி அல்ல, எடை. பழைய ஆங்கிலக் கற்களில் முதல் எண் ஹண்ட்ரட்வெயிட்; ஒன்றுக்கு 112 பவுண்டு. நடு எண் அதில் கால் பங்குகள். ஒன்றுக்கு 28 பவுண்டு. கடைசி எண் மிச்சப் பவுண்டு. 112, 28, 20 மூன்றையும் கூட்டினால் 160 பவுண்டு, ஏறத்தாழ 72.6 கிலோ. தராசைப் பனஞ்சட்டத்தில் கட்டித் தூக்கினோம்: 71.8. நூறு ஆண்டுத் தேய்மானத்துக்கு 800 கிராம் போனது பெரிதல்ல. எண்ணும் எடையும் ஒத்துப்போனால் பிற்பாடு யாரும் முகத்தைக் கடைந்து மெலிதாக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். எனக்குள் ஏற்கெனவே பேரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

குண்டைப் போட்டேன். 11. வேறு இடத்தில் போட்டேன். 11. கொம்புக்குப் பக்கத்தில், நடுவில், வால் பக்கம், எங்கே போட்டாலும் 10, 11, 11. அரம் கடித்தது. முழுக்கவே செத்த முகம். அப்போதுதான் முகத்தின் மேல்தோலை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சாதாரணத் துரு சிவப்பாக, பொடியாக இருக்கும். இது கருநீலச் செதிலாக, மீன் செதில்போல் உதிர்ந்தது. நெருப்பில் கிடந்த இரும்பின் தோல்.

“இங்கே எப்போதாவது தீப்பிடித்ததா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பனையோலைக் கொட்டகை ஒருமுறை எரிந்ததைச் சொன்னார். கொட்டகைக்குள் கரி மூட்டைகளும் இருந்தனவாம். கல் எரியாதுதானே என்று அவர் நினைத்ததில் தவறில்லை. ஆனால் முகத்துக்குக் கடினம் கொடுத்ததே சூடாக்கி நீரில் தோய்த்த பக்குவம். அதை மறுபடி சிவக்கச் சுட்டுத் தானாக ஆறவிட்டால் பக்குவம் போய்விடும். திரும்பப் பக்குவம் ஏற்றலாமே என்றால், எழுபது கிலோவைச் சிவக்கச் சுட்டுத் தூக்கி, வெந்நீர் ஆவி தடுக்காமல் முகத்தின் மேல் அருவிபோல் தண்ணீர் கொட்ட வேண்டும். அந்த வசதி இருக்கிறவன் பழைய கல் தேடி மூக்கையூர் சாலைக்கு வரமாட்டான். பெயரும் எண்ணும் எடையும் ஓரங்களும் எல்லாம் சரி, உயிர் மட்டும் இல்லை. ஓரங்கள் ஏன் அவ்வளவு அழகாக இருந்தன என்பதும் வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது: எரிந்த பிறகு அதில் யாரும் வேலை செய்யவே இல்லை.

மூன்றாவது கல் தானாகத் தேடி வந்தது. தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் எஞ்சின் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. கயிறு மரத்தில் இல்லை. மணலில் முக்கால்வாசி புதைந்த ஓர் இரும்பின் மூக்கில் சுற்றியிருந்தது. மூக்கு என்று நினைத்தது கொம்பு.

அந்த வீட்டுப் பெரியவர் படகு ஆணிக்குப் பேர்போன ஆசாரி. மரப்படகுகள் இருந்த காலத்தில் வள்ளத்துக்கு ஆணி, நங்கூரம், கொக்கி என்று உலை அணையாமல் வேலை. கண்ணாடியிழைப் படகு வந்த பிறகு ஆணிக்கு வேலை குறைந்தது. கண்ணில் புரை விழுந்ததும் உலையை மூடிவிட்டார். கல்லை விற்கிறீர்களா பெரியப்பா என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்வதற்கு முன்பே உள்ளேயிருந்து பெரியம்மா கேட்டார்: “அப்புறம் ஆட்டை எதில் கட்டுவது?”

முதலில் மணலிலேயே வைத்துத் தட்டினேன். தொம் என்றது. மனசு சோர்ந்தது. ஆனால் மணலில் புதைந்த கல் மணிபோல் ஒலிக்காது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு பாடச் சொன்ன மாதிரி. பையனும் நானும் தோண்டி, துடுப்பில் கயிறு போட்டுத் தூக்கி, இரண்டு செங்கல்லின் மேல் வைத்தோம். இப்போது தட்டியதும் ஆடு திடுக்கிட்டு நகர்ந்தது. அப்படி ஒரு நீண்ட ஒலி. மூன்று மூச்சு நேரம் அடங்கவில்லை. திண்ணையில் இருந்த பெரியவர் தலையைத் திருப்பினார்.

பார்வைக்கு லட்சணமே இல்லை. ஒரு பக்க ஓரம் நான்கு விரல் நீளத்துக்குச் சில்லுச் சில்லாக உடைந்திருந்தது. கொம்பின் நுனி மழுங்கி எலுமிச்சம்பழமாக இருந்தது. இடுப்பெல்லாம் உப்புக்காற்று தின்ற குழிகள். கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் ஒரு சதுரக் குழி, இடுப்பில் முன்னும் பின்னும் இரண்டு. அடித்துச் செய்யும் காலத்தில் பெரிய இரும்புக் கம்பியைச் செருகிப் பிடித்துத் திருப்பிய துளைகள் அவை. வார்த்த கல்லுக்கு அந்தத் தேவை குறைவு. அந்தத் துளைகளைப் பார்த்ததும் பாதி நிம்மதி. முகத்துக்குக் கீழே அரை அங்குலம் தள்ளி, பக்கவாட்டில் மயிரிழைபோல் ஒரு கோடு: எஃகுத் தகடு தேனிரும்போடு சேர்ந்த இடம். இடுப்பில் சாக்கட்டியைத் தேய்த்து டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் எண்கள் மேலே வந்தன. 1 · 0 · 7. அதாவது 119 பவுண்டு, 54 கிலோ. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக எழுதிய எழுத்துகளில் ‘சாலிட்’ என்பதற்கு மேல் படிக்க முடியவில்லை. அந்தச் சொல்லைப் பொறித்தவர்கள் பலர். யார் செய்தது என்று கண்டுபிடிக்கிற ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன். மூக்கையூர் சாலையில் பெயர் இருந்ததே, என்ன பயன்?

முகத்தில் சாக்கட்டியால் மூன்று விரல் அகலக் கட்டங்கள் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று முறை குண்டு. கொம்புப் பக்கம் 19, நடுவில் 20, 20, இடுப்புக்கு நேர் மேலே 21. வாலில் 17, வாலுக்கு அடியில் ஆதாரம் இல்லாததால் எந்தக் கல்லிலும் அங்கே கொஞ்சம் குறையும். ஆனால் உடைந்த ஓரத்தை ஒட்டிய ஒரே ஒரு கட்டத்தில் குண்டு 9-க்கு மேல் வரவில்லை. சத்தமும் வேறு. விரிசல் விட்ட பானையைத் தட்டியதுபோல் ஒரு கரகரப்பு. அந்த இடத்தில் தகடு உடம்பைவிட்டுப் பிரிந்திருக்கிறது. விலையைக் குறைக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது என்று நான் நிமிர்வதற்குள் பெரியவர் எழுந்து வந்து, குனிந்து, கட்டைவிரலால் முகத்தைத் தடவிக்கொண்டே போய் சரியாக அந்தக் கட்டத்தில் நிறுத்தினார்.

“இந்த இடத்தில் நான் அடிப்பதே இல்லை. என் அப்பா காலத்திலேயே செத்த இடம். கடப்பாரையைச் சூடு காட்டாமல் பச்சையாகவே நிமிர்த்தியதில் போனது.”

நான் குண்டையும் கட்டத்தையும் பற்றி விளக்கினேன். கேட்டுவிட்டு, “அதைக் கண்டுபிடித்ததற்கு ஐந்நூறு குறைத்துக்கொள்” என்றார். சொன்ன விலை 8,000. 7,500-க்கு முடிந்தது. அதற்குமேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டீல் ஸ்கேலை முகத்தில் நிறுத்தி ஃபீலர் கேஜால் அளந்தேன்: நடுவில் 1.8 மி.மீ. பள்ளம். பலர் இதைப் பார்த்துத்தான் கல்லைத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது வாங்கிக்கொண்டு நேராக லேத் பட்டறைக்குப் போய் மட்டமாகக் கடைந்து தரச் சொல்கிறார்கள். அரை அங்குலத் தகட்டில் இரண்டு மில்லியை எடுத்தால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போயிற்று. மேல்தோல்தான் மிகக் கடினமான பகுதி. அதையும் சேர்த்தே எடுத்து எறிகிறோம். எஞ்சின் ஹெட்டுக்கு மட்டம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன், அது என் சோறு. பட்டறைக்கல்லுக்கு இந்த அளவு பள்ளம் கெடுதலே இல்லை. வளைந்த தண்டை நிமிர்த்த வேண்டுமானால் அதைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் மிகையாக வளைக்க வேண்டும். தட்டையான முகத்தில் அதற்கு இடமில்லை, இந்தப் பள்ளத்தில் இருக்கிறது. மட்டம் வேண்டிய வேலைக்கு வால் பக்கத்து ஒரு சாண் போதும்.

உடைந்த ஓரத்தையும் பிரிந்த இடத்தையும் வெல்டிங் வைத்து நிரப்பிவிடலாம் என்று சொல்ல நான்கு பேர் வந்தார்கள். சாதாரண ராடை வைத்து நிரப்பினால் அங்கே மென்மையான ஒட்டு உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுற்றியுள்ள எஃகு திடீரெனச் சூடேறி உடனே ஆறுவதில் விறைத்து விரிசல் விடும். முறையாகச் செய்ய வேண்டுமானால் கல் முழுவதையும் 200 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, அதற்கான கடின ராடைப் போட்டு, சாம்பலில் புதைத்து ஒரு நாள் ஆறவிட வேண்டும். நான்கு விரல் உடைப்புக்காக எதிர்ப்பக்கத்து நல்ல ஓரம் முழுவதையும் பணயம் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. விட்டுவிட்டேன்.

செய்த வேலை கொஞ்சம்தான். கம்பி பிரஷைக் கிரைண்டரில் மாட்டி இடுப்பையும் கால்களையும் துருப் போகத் தேய்த்தேன். பிறகு தேய்த்ததைவிட முக்கியமான ஒன்று: வெந்நீர். கடற்கரை இரும்பில் துருக் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கும். அதன் மேல் எண்ணெயோ வண்ணமோ பூசினால் உள்ளேயிருந்து அரித்து ஒரே மாதத்தில் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பும். படகு எஞ்சினில் இந்தப் பாடத்தை நிறையப் பணம் கொடுத்துக் கற்றிருக்கிறேன். மூன்று நாள், நாளுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி, நாக்கில் தொட்டுப் பார்த்து உப்புக் கரிக்காத வரைக்கும் கழுவினேன். நாக்கால் சோதிப்பது அறிவியலா என்று பையன் கேட்டான். இல்லைதான். பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தால் கழுவாமலே இருந்திருக்கலாம் என்பது மட்டும் உறுதி.

வெயிலில் காய்ந்து, கல் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே மீன் எண்ணெய் பூசினேன். மரப்படகுக்குப் பூசும் அதே எண்ணெய். குழிகளுக்குள் இறங்கிக் காய்ந்து தோலாகிவிடும். நாற்றம் ஒரு வாரம் இருந்தது. காகங்களும் பூனைகளும் கல்லைச் சுற்றி வந்தன. முகத்துக்கு எண்ணெய் தினமும் வேலை முடிந்ததும் ஒரு துணித் துடைப்பு, அவ்வளவுதான். வேலை நடக்கும் முகத்தைச் சுத்தியலே துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

ஒரு தவறும் செய்தேன். உடைந்த ஓரத்தின் கூர்மையான சில்லுகள் சூடான இரும்பில் பள்ளம் போடும். அடிபட்டால் தெறித்துக் கண்ணுக்கும் வரும். அதனால் அந்த ஓரத்தை மட்டும் உருட்டையாக்க நினைத்து உப்புத்தாள் வட்டை வைத்துத் தேய்த்தேன். கையாலேயே அரக்கல்லை வைத்துத் தேய்க்க வேண்டிய வேலை. அவசரம். நல்ல ஓரத்தின் மூலையில் ஒரு நொடி அதிகமாக நின்றுவிட்டேன். பளபளப்பான எஃகில் முதலில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது. கையை எடுப்பதற்குள் அது கத்தரிப்பூ நிறமாகி, நடுவில் மயில் கழுத்து நீலமும் வந்துவிட்டது. நீலம் வந்தால் அங்கே 300 டிகிரி தொட்டுவிட்டது என்று அர்த்தம். சுண்டுவிரல் நகம் அளவு இடம். அரத்தை வைத்தேன். மற்ற இடமெல்லாம் வழுக்கிய அரம் அங்கே மட்டும் லேசாகக் கடித்தது. பெரியவரின் அப்பா ஓரிடத்தைக் கொன்றார், நான் இன்னோரிடத்தை. மிச்ச ஓரத்தைக் கையாலேயே தேய்த்தேன், ஒரு முழுப் பகல் ஆனது.

அடிக்கட்டைக்குப் பனை வேண்டாம். இங்கே மலிவு அதுதான், ஆனால் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு. கல் மெல்ல உள்வாங்கிச் சாய்ந்துவிடும். கசாப்புக் கடைக்காரர்கள் ஏன் புளியங்கட்டை தேடுகிறார்கள் என்று யோசித்தால் போதும்: வெட்டினாலும் அடித்தாலும் எளிதில் பிளக்காது. மர அறுவை மில்லில் ஒரு புளியங்கட்டை வாங்கினேன், 96 செ.மீ. நீளம். நின்று கையைத் தொங்கவிட்டு முட்டி மடக்கினால் விரல் முட்டி எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் முகத்தின் உயரம் என்பது வழக்கமான கணக்கு. எனக்கு 76 செ.மீ. கல்லின் உயரம் 25 போக, தரைக்கு மேல் கட்டை 51. மீதி 45-ஐ மணலில் இறக்கி, சுற்றிலும் செங்கல் ஜல்லி போட்டு இடித்தேன். பெரியவரிடம் சொன்னபோது, நின்றுகொண்டு அடித்தால் இடுப்பு போய்விடும், உட்கார்ந்து அடி என்றார். இதில் அவர் பேச்சை நான் கேட்கவில்லை. ஆனால் பையன் சம்மட்டி பிடித்தபோது உயரம் கூடுதலாகத் தெரிந்தது. ஜல்லியைத் தோண்டி இன்னும் மூன்று செ.மீ. இறக்கினேன்.

கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் லாரி டியூப் ரப்பர் ஒரு துண்டு. இடுப்பில் பழைய நங்கூரச் சங்கிலியை இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். பக்கத்து வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள்; அந்த மூன்று மூச்சு மணியொலி எனக்குத்தான் இனிமை. சங்கிலி போட்ட பிறகு டிங் என்று தொடங்கி உடனே அடங்கிவிடுகிறது. குண்டு எழும்புவதில் ஒரு மில்லிகூடக் குறையவில்லை, அளந்து பார்த்துவிட்டேன்.

தடைக்காலத்துக்கு ஒன்பது நாள் முன்னதாக முதல் வேலை. நாட்டுப்படகு நங்கூரம், 16 மி.மீ. கம்பியில் நான்கு முள். தண்டவாளத்தில் ஒரு முள்ளை வளைத்துக் கூராக்க உலைக்கு ஆறு முறை போக வேண்டியிருந்தது. இப்போது நான்கு முறையில் முடிந்தது. வளைவுக்குக் கொம்பின் மழுங்கிய நுனியே சரியாகப் பொருந்தியது. உருட்டையாக்கிய உடைந்த ஓரத்தில் வைத்துக் கம்பியின் கழுத்தை இறக்கினால் கீறல் விழாமல் இறங்குகிறது. இரண்டாவது முள்ளின்போது சத்தம் திடீரென்று கரகரத்தது. எங்கே அடிக்கிறேன் என்று குனிந்து பார்த்தேன். செத்த கட்டம். சாக்கட்டியால் அங்கே ஒரு பெருக்கல் குறி போட்டேன். அதை இப்போது வாரம் ஒருமுறை புதுப்பிக்கிறோம்.

தண்டவாளத் துண்டை அந்த ஞாயிற்றுக்கிழமையே தேவிபட்டினத்துக்குக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் பாதி புதைத்து, தலைப் பக்கம் கயிறு நழுவாமல் இருக்க ஒரு துளையும் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மா ஆட்டைக் கட்டி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். ரசீதைப் பிளாஸ்டிக் உறையோடு அவரிடம் கொடுத்தேன். இது எதற்கு என்றார். ஆட்டுக்கு என்று சொன்னேன்.